சின்ன கிளப்பின் முன்னால் பெரிய விசா

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் மணிக்கூண்டைச் சுற்றிப் பிரியும் தெருக்களில் இந்தியப் பாஸ்போர்ட்டும் பிரெஞ்சு பாஸ்போர்ட்டும் அக்கம்பக்கத்து வீடுகளில் இருக்கின்றன. சில குடும்பங்களில் இரண்டும் ஒரே பீரோவில் இருக்கும். தாத்தா பிரெஞ்சு ராணுவத்தில் பணியாற்றி ஓய்வூதியம் வாங்கிய ‘சொல்தா’வாக இருந்திருப்பார். பேரப்பிள்ளைகளில் சிலர் பிரெஞ்சுக் குடிமக்கள், சிலர் இந்தியக் குடிமக்கள். மாலையில் எல்லாரும் ஒரே பந்தைத்தான் துரத்துகிறார்கள். கிளப்பின் பதிவுப் படிவத்தை நிரப்பும்போதுதான் ஒருவன் உள்ளூர் வீரன் என்றும் இன்னொருவன் வெளிநாட்டு வீரன் என்றும் பிரிகிறார்கள்.

வெளிநாட்டுக் கால்பந்து வீரர் என்றாலே இந்தியன் சூப்பர் லீக்கின் (ஐ.எஸ்.எல்.) விளக்கொளியும் கோடிக்கணக்கான சம்பளமும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் குடிவரவு விதிகளின் உண்மையான பாரம் அந்த மேடையில் தெரிவதில்லை. அங்கே அதைச் சுமக்க வழக்கறிஞரும் கணக்காளரும் ஏஜென்ட்டும் இருக்கிறார்கள். நன்கொடை ரசீதுப் புத்தகத்தோடு கடை கடையாக ஏறி இறங்கி ஜெர்சி வாங்கும் கிளப்பின் தலையில்தான் அது முழு எடையோடு இறங்குகிறது. விதி எல்லாருக்கும் ஒன்றுதான் என்பது நியாயம் போலத் தோன்றும். ஆனால் ஒரே அளவுச் செலவு பெரிய கிளப்புக்குச் சில்லறை, சின்ன கிளப்புக்கு முழு ஆண்டு வரவு. அதனால் சின்ன கிளப்புக்கு மூன்று வழிகளே மிஞ்சுகின்றன: ஒதுங்கிக்கொள்வது, தவறான வாசல் வழியாக நுழைவது, அல்லது நேர்வழியில் போய்க் கடனாளியாவது. இந்த நிலை எப்படி வந்தது, எப்படி மாற்றலாம் என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

இரண்டு பூட்டுகள்

வெளிநாட்டு வீரர் ஒருவர் இந்திய மைதானத்தில் இறங்க இரண்டு பூட்டுகள் திறக்க வேண்டும். முதல் பூட்டின் சாவி உள்துறை அமைச்சகத்திடம் இருக்கிறது: விசா, தங்கும் அனுமதி, பதிவு. இரண்டாவதன் சாவி கால்பந்து நிர்வாகத்திடம்: ஓர் அணி எத்தனை வெளிநாட்டவரைப் பதிவு செய்யலாம், களத்தில் ஒரே நேரத்தில் எத்தனை பேர் நிற்கலாம் என்ற ஒதுக்கீடு. விவாதங்களில் இவ்விரண்டும் ஒன்றாகக் குழம்பிவிடுகின்றன. உண்மையில் ஒன்று திறந்தும் மற்றொன்று மூடியும் இருக்க முடியும்.

பூட்டானின் செஞ்சோ கியெல்ட்ஷென் இதற்கு நல்ல உதாரணம். 2017-18இல் ஐ-லீக் பட்டம் வென்ற மினர்வா பஞ்சாப் அணியின் முன்கள வீரர் அவர். பூட்டான், நேபாளக் குடிமக்கள் இந்தியாவில் நுழைய விசா தேவையில்லை. எனவே முதல் பூட்டு அவருக்குத் திறந்தே இருந்தது. ஆனால் கால்பந்துப் பதிவேட்டில் அவர் வெளிநாட்டவர். ஆசிய வீரருக்கான இடத்தில்தான் ஆடினார். கொல்கத்தாவின் பெரிய கிளப்புகளோடு ஒப்பிட்டால் சிறிய பணப்பெட்டி கொண்ட மினர்வாவுக்கு, விசாச் செலவே இல்லாத ஒரு தரமான வீரர் கிடைத்தது சாதாரண விஷயமில்லை.

ஓ.சி.ஐ. (வெளிநாட்டு இந்தியக் குடிமகன்) அட்டை வைத்திருக்கும் இந்திய வம்சாவளியினரின் நிலையும் ஏறத்தாழ இதுவே. அவர்களுக்கு வாழ்நாள் விசா உண்டு. வேலை விசா இல்லாமலே வேலை பார்க்கலாம், வெளிநாட்டவர் பதிவிலிருந்தும் விலக்கு உண்டு. ஆனால் இந்தியக் கால்பந்தில் நீண்ட காலமாகப் பாஸ்போர்ட்டே அளவுகோலாக இருந்துவந்திருக்கிறது. அரசு ‘வந்து வேலை பார்’ என்று சொன்ன ஒருவரைக் கால்பந்து நிர்வாகம் வெளிநாட்டவர் பட்டியலில் வைத்தது. புதுச்சேரிக்கு இது ஏட்டுச் சட்டப் பிரச்சினை இல்லை, வீட்டு வாசலில் நிற்கும் பிரச்சினை.

மாணவர்களாக வந்தவர்கள்

இந்திய கிளப் கால்பந்தில் அயல்நாட்டவரின் வரலாறு, பெரும்பாலும் கால்பந்துக்காக வராதவர்களின் வரலாறு. 1942இல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்தபோது லட்சக்கணக்கான இந்தியர்கள் ரங்கூனிலிருந்து கால்நடையாகப் புறப்பட்டார்கள். தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் அந்த நடைப்பயணத்தின் கதை இன்றும் சொல்லப்படுகிறது. அதே பாதையில் அகதியாக வந்த ஆங்கிலோ-பர்மியர் ஃபிரெட் பக்ஸ்லி, கொல்கத்தாவின் கிழக்கு வங்காளம் (ஈஸ்ட் பெங்கால்) அணியில் சேர்ந்து அந்த கிளப்பின் முதல் வெளிநாட்டு வீரராக அறியப்பட்டார்.

1980இல் ஈரானின் மஜித் பிஷ்கர், ஜம்ஷித் நசிரி, மஹ்மூத் கபாஜி மூவரும் அதே கிளப்புக்கு வந்தார்கள். அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த மாணவர்கள் அவர்கள். சில ஆண்டுகளில் நைஜீரியாவின் சீமா ஒகோரி, விசாகப்பட்டினத்தில் படிக்க வந்தவர், கொல்கத்தாவின் மூன்று பெரிய கிளப்புகளுக்கும் ஆடி ரசிகர்களின் செல்லப்பிள்ளை ஆனார். அதே காலத்தில் இந்தியாவுக்கு வந்து கொல்கத்தாவில் ஆடிய எமேகா எசியூகோ, 1994 உலகக் கோப்பையில் நைஜீரியாவுக்காகக் களம் இறங்கினார்.

இவர்களை இங்கே கொண்டுவந்தது கல்லூரி இடம். கால்பந்து பிறகு வந்து சேர்ந்தது. விமானச் செலவு கிளப்பின் கணக்கில் இல்லை, தங்குமிடம் விடுதியில், விசாப் பொறுப்பு பல்கலைக்கழகத்திடம். அன்றைய கிளப்புக்கு மைதானத்தில் ஆட்டத்தைப் பார்த்துப் பேசி முடிப்பது மட்டுமே வேலை. இந்த ஏற்பாட்டால்தான் அக்காலத்தில் பணமில்லாத கிளப்பும் ஓர் ஆப்பிரிக்க மாணவரை ஆட வைக்க முடிந்தது.

இன்று அந்த வழி ஏறத்தாழ அடைபட்டுவிட்டது. மாணவ விசாவில் இருப்பவர் ஊதியம் வாங்கி வேலை செய்யக் கூடாது. ஃபிஃபாவின் பதிவு விதிகள் எழுத்து ஒப்பந்தம் போட்டு, செலவுக்கு மேல் பணம் பெறுபவரைத் தொழில்முறை வீரர் என்றும் மற்றவரை அமெச்சூர் என்றும் பிரிக்கின்றன. அமெச்சூராக, பேருந்துச் செலவும் சாப்பாடும் மட்டும் வாங்கிக்கொண்டு ஒரு மாணவர் ஆடினால், விசா விதிக்கும் ஃபிஃபா விதிக்கும் இடையே மோதல் வரத் தேவையில்லை. ஆனால் கையில் கவர் கொடுத்து ஆட வைக்கும் பழக்கம்தான் ஊருக்கு ஊர் ஊறிப்போயிருக்கிறது. அதில் கிளப்புக்கு அபராத பயம், மாணவருக்கு நாடு கடத்தப்படும் பயம்.

ஒரு கோப்பு எவ்வளவு கனம்

சம்பளத்துக்கு ஆட வரும் வீரருக்கு வேலை விசா வேண்டும். இந்திய கிளப்புகளோடு குறிப்பிட்ட காலத்துக்கு ஒப்பந்தம் செய்த வெளிநாட்டு விளையாட்டு வீரர்களையும் பயிற்சியாளர்களையும் அந்த விசாப் பிரிவு ஏற்கிறது. ஆனால் வேலை விசாவுக்குப் பொதுவான ஓர் அடித்தள ஊதியம் இருக்கிறது. முன்பு ஆண்டுக்கு 25,000 டாலர் என்று இருந்தது, பிறகு 16.25 லட்சம் ரூபாய் என்று வகுக்கப்பட்டது. தங்கள் நாட்டு உணவைச் சமைக்க வரும் சமையற்காரர், ஆங்கிலம் அல்லாத மொழியைக் கற்பிக்கும் ஆசிரியர் போன்ற சிலருக்கு விலக்கு உண்டு. இந்திய இளைஞர் செய்யக்கூடிய வேலையை மலிவான அயல் ஊழியர் பறித்துவிடக் கூடாது என்பதே இதன் நோக்கம். மென்பொருள் நிறுவனத்துக்கும் மின் நிலையம் கட்டும் நிறுவனத்துக்கும் பொருந்துகிற நோக்கம்தான்.

கால்பந்துக்கு இதை அப்படியே வைத்துப் பார்த்தால் கணக்கு உதைக்கிறது. 16.25 லட்சத்தை 12ஆல் வகுத்தால் மாதம் ஏறத்தாழ 1.35 லட்சம். இது ஒருவருக்கான ஊதியம் மட்டுமே. இந்தியாவில் குடியிருப்பாளராக இல்லாத வெளிநாட்டு விளையாட்டு வீரருக்குத் தரும் பணத்தில் 20 சதவீதம் வரி பிடித்துக் கட்ட வேண்டும், மேல்வரி தனி. வீரர்கள் பெரும்பாலும் ‘கையில் இவ்வளவு வர வேண்டும்’ என்றே பேசுவதால், அந்த வரியும் கிளப்பின் தலையிலேயே ஏறுகிறது. போகவர விமானச் சீட்டு, வாடகை வீடு, காயம் பட்டால் மருத்துவச் செலவு எல்லாம் அதற்கு மேல். மூன்று நான்கு மாதமே நடக்கும் உள்ளூர் லீகுக்காக, ஆண்டு முழுவதும் வேலை பார்ப்பவருக்கு வகுத்த அளவுகோலில் நிற்க வேண்டியிருக்கிறது.

பணத்துக்கு அடுத்தது காகிதம். ஒரு வீரருக்காக கிளப் செயலாளர் தயாரிக்க வேண்டிய கோப்பைக் கற்பனை செய்து பாருங்கள். சங்கப் பதிவுச் சான்று, வருமான வரிக் கணக்கு, பான் எண், கையெழுத்திட்ட ஒப்பந்தம், இந்த வேலைக்கு இந்தியரை ஏன் எடுக்கவில்லை என்ற விளக்கம், வீரரின் நடத்தைக்கும் திரும்பிப் போவதற்கும் பொறுப்பேற்கும் உறுதிமொழி. அது தூதரகத்துக்குப் போகிறது. இன்னொரு பக்கம், ஃபிஃபாவின் இணையப் பரிமாற்ற முறை வழியாக முந்தைய நாட்டுச் சங்கத்திடமிருந்து சர்வதேச மாற்றுச் சான்றிதழ் வர வேண்டும். சான்றிதழ் வந்த பிறகுதான் இங்கே பதிவு. வீரர் வந்து இறங்கியதும் வீட்டுக்காரர் 24 மணி நேரத்துக்குள் அதிகாரிகளுக்குத் தகவல் தர வேண்டும். விசா 180 நாட்களுக்கு மேற்பட்டதாக இருந்தால் 14 நாட்களுக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டும்.

பகலில் மளிகைக் கடையோ அரசு வேலையோ பார்த்துவிட்டு மாலையில் கிளப்பைப் பார்த்துக்கொள்பவர்தான் நம் சின்ன கிளப்புகளின் செயலாளர். இந்தக் கோப்பில் ஒரு காகிதம் தாமதமானால் பதிவுக் காலம் முடிந்துவிடும். வேலை விசா பொதுவாக அழைத்த நிறுவனத்தோடு பிணைந்தது. வந்த வீரர் இரண்டாவது ஆட்டத்திலேயே முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால், பக்கத்து ஊர் கிளப்பிலிருந்து இன்னொருவரைக் கடன் வாங்கிச் சமாளிக்கவும் முடியாது. பெரிய கிளப் ஆறு பேரைப் பதிவு செய்து இந்த ஆபத்தைப் பரப்பிக்கொள்கிறது. சின்ன கிளப்பின் முழுப் பணமும் ஒரே முழங்காலில் இருக்கிறது.

2025 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் குடிவரவு மற்றும் வெளிநாட்டவர் சட்டம், 1920, 1939, 1946, 2000 ஆகிய ஆண்டுகளின் நான்கு பழைய சட்டங்களை ஒன்றாக்கியிருக்கிறது. விசாக் காலம் கடந்து தங்கினாலோ விசாவின் நிபந்தனையை மீறினாலோ மூன்று ஆண்டு வரை சிறையும் மூன்று லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். தங்க வைப்பவர் தகவல் தரும் கடமையும் தொடர்கிறது. சட்டம் தெளிவானது நல்லதுதான். ஆனால் ‘தெரியாமல் செய்துவிட்டோம்’ என்ற பேச்சுக்கு இனி இடமில்லை என்பதை ஒவ்வொரு ஊர்க் கமிட்டியும் உணர வேண்டும்.

செவன்ஸ் மைதானம் சொல்லும் பாடம்

நேர்வாசல் இப்படி இருந்தால், பக்கவாட்டுச் சந்து தானாக உருவாகும். கேரளத்தின் மலப்புறம், கோழிக்கோடு பகுதிகளில் அறுவடை முடிந்த வயல்களிலும் மூங்கில் கேலரி கட்டிய மைதானங்களிலும் நடக்கும், அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் ஆட்டங்களுக்கு ஆண்டுதோறும் ஆப்பிரிக்க இளைஞர்கள் வருகிறார்கள். கானா, ஐவரி கோஸ்ட், நைஜீரியா, லைபீரியா என்று பல நாடுகள். ஓர் அணியில் இரண்டு மூன்று பேர். ஆட்டத்துக்கு இவ்வளவு என்று கூலி. செவன்ஸ், அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் போட்டிக் கட்டமைப்புக்குள் வராத உலகம். அங்கே ஒப்பந்தம் பெரும்பாலும் வாய்ச்சொல். சம்பளம் நின்றாலும் கால் உடைந்தாலும் முறையிட ஒரு மேசை கிடையாது. 2018இல் வெளிவந்த ‘சுடானி ஃப்ரம் நைஜீரியா’ என்ற மலையாளப் படம் இந்த உலகத்தைத்தான் காட்டியது. காயம் பட்ட வீரர், தொலைந்த பாஸ்போர்ட், கையில் பணமில்லாத கிளப் மேலாளர்: அதன் மூன்று கண்ணிகளும் குடிவரவு விதியில் வந்து முடிகின்றன.

படத்தை மிஞ்சிய நிஜம் 2020இல் நடந்தது. கானாவைச் சேர்ந்த 23 வயது வீரர் ஒருவர் கேரளத்தில் ஒரு கிளப்புக்கு ஆட வந்திருந்தார். ஊர் திரும்ப மும்பை வந்தபோது ஊரடங்கு விழுந்தது. விமானம் இல்லை, விடுதிக்குப் பணம் இல்லை, போய்த் தங்க ஆள் இல்லை. இரண்டு மாதத்துக்கும் மேலாக அவர் மும்பை விமான நிலையத்திலேயே வாழ்ந்தார். பாதுகாப்புப் படையினரும் நிலைய ஊழியர்களும் தந்த உணவைச் சாப்பிட்டார். சமூக ஊடகத்தில் செய்தி பரவிய பிறகுதான் அவருக்குத் தங்குமிடம் கிடைத்தது. பெருந்தொற்று யாருடைய குற்றமும் இல்லை. ஆனால் முறையான ஒப்பந்தமும், கட்டிவைத்த திரும்பும் செலவும், பொறுப்பேற்ற ஒரு சங்கமும் இருந்திருந்தால் அந்த இளைஞர் அத்தனை நாள் நிர்க்கதியாக நின்றிருக்க மாட்டார்.

2024 மார்ச்சில் மலப்புறம் மாவட்டம் அரீக்கோடு அருகே ஐவரி கோஸ்ட் வீரர் ஒருவரைப் பார்வையாளர்கள் விரட்டித் தாக்கினார்கள். தன்மீது நிறவெறி வசை வீசப்பட்டதாக அவர் புகார் கொடுத்தார். பாதுகாப்பில்லாத விசா நிலையில் இருக்கும் ஒருவர் இத்தகைய புகாரோடு காவல் நிலையம் போகவே தயங்குவார். விதிகள் கடினமாக இருந்தால் வீரர்கள் வருவது நின்றுவிடும் என்று நினைப்பது தவறு. வருவார்கள், உரிமை இல்லாதவர்களாக வருவார்கள்.

ஐஸாலும் கோயம்புத்தூரும்

அயல்நாட்டு வீரர் சின்ன கிளப்புக்கு உண்மையிலேயே தேவையா என்ற கேள்வியைத் தவிர்க்க முடியாது. இரண்டு பட்டங்கள் இதற்குப் பதில் சொல்கின்றன. 2016-17 ஐ-லீகை மிசோரமின் ஐஸால் எஃப்.சி. வென்றது. மோகன் பகானையும் கிழக்கு வங்காளத்தையும் பெங்களூருவையும் பின்னுக்குத் தள்ளிய அந்த அணியின் முதுகெலும்பு மிசோ இளைஞர்கள். அவர்களோடு சிரியாவின் மஹ்மூத் அல்-அம்னா, லைபீரியாவின் ஆல்பிரட் ஜார்யான், ஐவரி கோஸ்டின் காமோ பாயி. உள்நாட்டுப் போர் நடந்த சிரியாவிலிருந்து வந்த அந்த நடுக்கள வீரர், மலையூரின் பையன்களுக்குப் பந்தைத் தன் காலில் நிறுத்தி ஆட்டத்தைப் படிப்பது எப்படி என்று ஆடிக் காட்டினார். ஆசிய வீரருக்கென்று தனி இடம் ஒதுக்கிய விதியே அவருக்கு வாசலைத் திறந்தது. அடுத்த பருவத்திலேயே அல்-அம்னாவும் பயிற்சியாளர் காலித் ஜமீலும் கிழக்கு வங்காளத்துக்கும், காமோ மோகன் பகானுக்கும் போய்விட்டார்கள். சின்ன கிளப் ஆளைக் கண்டுபிடிக்கிறது, பெரிய கிளப் அள்ளிக்கொண்டு போகிறது.

2018-19இல் கோயம்புத்தூர் நேரு மைதானத்தில் ஆடிய சென்னை சிட்டி எஃப்.சி. ஐ-லீகை வென்றது. சிங்கப்பூரைச் சேர்ந்த பயிற்சியாளர் அக்பர் நவாஸ். ஸ்பெயினின் கீழ்நிலை லீகுகளில் ஆடிக்கொண்டிருந்த பெட்ரோ மான்சி, நெஸ்தர் கோர்டியோ, சாண்ட்ரோ ரோட்ரிகஸ், ராபர்டோ எஸ்லாவா நால்வரும் அணியின் அச்சாக இருந்தார்கள். மான்சி மட்டும் 21 கோல். பெயர் பெற்றவர்களை வாங்கப் பணமில்லாத கிளப், பெயர் பெறாத நல்ல ஆட்டக்காரர்களைத் தேடிப் பிடித்தது. அவர்களுக்குப் பக்கத்தில் ஆடித்தான் எட்வின் சிட்னி வான்ஸ்பால், ரொமாரியோ ஜேசுராஜ், அஜித்குமார் போன்ற தமிழக வீரர்கள் மெருகேறி, பிறகு ஐ.எஸ்.எல். அணிகளுக்குப் போனார்கள். நல்ல அயல்வீரர் உள்ளூர் வீரரின் இடத்தைப் பறிப்பார் என்பது பாதி உண்மைதான். கூட ஆடும் பத்துப் பேரின் தரத்தை அவர் உயர்த்துவதும் நடக்கிறது.

அந்தப் பாதி உண்மையையும் தள்ளிவிடக் கூடாது. கிளப்புகள் பெரும்பாலும் முன்கள வீரரையும் நடுத் தடுப்பாட்டக்காரரையும்தான் வெளிநாட்டிலிருந்து எடுக்கின்றன. சுனில் சேத்ரிக்குப் பிறகு கோல் அடிக்க ஆள் யார் என்று நாடு கவலைப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம். அதனால்தான் 2014இல் களத்தில் ஆறு வெளிநாட்டவர் வரை அனுமதித்த ஐ.எஸ்.எல்., 2017-18இல் ஐந்தாகவும் 2021-22இல் நான்காகவும் குறைத்தது. 2023இல் கூட்டமைப்பு, மாநில லீகுகளில் வெளிநாட்டவரை நிறுத்தும் முடிவுக்கு வந்தது. கொல்கத்தா பிரீமியர் டிவிஷன் அந்த ஆண்டு முதல் இந்திய வீரர்களோடு மட்டுமே நடக்கிறது. இளம் இந்திய முன்கள வீரர்களுக்கு ஆட நேரம் கிடைக்கிறது என்பது மறுக்க முடியாத நன்மை. மேல் லீகில் குறைத்ததோடு நிறுத்திவிட்டு, கீழ் லீகில் முழுதாக அடைத்ததுதான் வருத்தம். பணமுள்ளவர் மேலே அயல்வீரரை வைத்துக்கொள்ளலாம். கீழே இருந்து ஏறி வர முயலும் கிளப்புக்கு அந்தத் துணை கிடையாது.

உலகம் எப்படிக் கையாள்கிறது

1995 டிசம்பர் 15இல் வந்த பாஸ்மான் தீர்ப்பைக் கால்பந்து உலகம் மறக்காது. பெல்ஜியத்தின் லியேஜ் கிளப்பிலிருந்து பிரான்சின் சின்ன கிளப்பான டன்கர்க்குக்குப் போக விரும்பிய ழான்-மார்க் பாஸ்மான் தொடுத்த வழக்கு அது. ஒப்பந்தம் முடிந்த வீரருக்கு மாற்றுத்தொகை கேட்கக் கூடாது, ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்களை நாட்டு அடிப்படையில் ஒதுக்கக் கூடாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது. வீரருக்கு விடுதலை கிடைத்தது. ஆனால் பிள்ளைகளை வளர்த்துப் பெரிய கிளப்புக்கு விற்றுப் பிழைத்த சின்ன கிளப்புகளின் வரவு வறண்டது.

பிரான்சில் 2002இல் வந்த மலாஜா தீர்ப்பு, ஒரு போலந்துக் கூடைப்பந்து வீராங்கனையின் வழக்கில் பிறந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்ட நாடுகளிலிருந்து சட்டப்படி வந்து வேலை பார்ப்பவரை, வெளிநாட்டவர் ஒதுக்கீட்டில் சேர்த்துப் பாகுபாடு காட்டக் கூடாது என்றது பிரான்சின் உச்ச நிர்வாக நீதிமன்றம். குடிவரவுச் சட்டம் ஏற்றுக்கொண்டவரை விளையாட்டு விதி ஒதுக்கக் கூடாது என்ற கொள்கை அது. புதுச்சேரியில் ஓ.சி.ஐ. பற்றிப் பேசும்போது இந்தத் தீர்ப்பின் சாரம் நமக்குத் துணை நிற்கும்.

பிரிட்டன் எதிர்த் திசையில் போனது. 2021 ஜனவரி முதல் ஐரோப்பியருக்கும் அங்கே புள்ளி முறை. தேசிய அணிக்கு எத்தனை ஆட்டம், எந்தத் தரத்து லீகில் எத்தனை நிமிடம் என்று கணக்கிட்டு 15 புள்ளி எடுக்க வேண்டும். தேசிய அணி வீரரை வாங்கப் பணமுள்ள கிளப்புக்கு அது தடையே இல்லை. சென்னை சிட்டிக்கு வந்த ஸ்பானியர்களைப் போன்ற அறியப்படாத ஆட்டக்காரர்களைத் தேடும் கிளப்புக்கு முழுத் தடை. இந்தக் குறையை உணர்ந்து 2023இல் ஒரு திருத்தம் கொண்டுவந்தார்கள். புள்ளி போதாத சில வீரர்களையும் எடுக்கச் சிறப்பு இடங்கள்: மேல் இரண்டு டிவிஷன்களுக்கு நான்கு வரை, அடுத்த இரண்டுக்கு இரண்டு வரை. சின்ன கிளப்புக்கென்று விதியில் தனி இடம் வேண்டும் என்று ஏற்றுக்கொண்டது சரி. அந்த இடத்தைப் பெரியவர்களுக்கு இரட்டிப்பாகத் தந்ததில்தான் கோணல்.

நம் தெருவின் கேள்வி

புதுச்சேரிக்குத் திரும்புவோம். 1954 நவம்பர் 1இல் ஆட்சி கைமாறியது. 1956 மே 28இல் கையெழுத்தான ஒப்படைப்பு ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16இல் நடைமுறைக்கு வந்தது. இங்கே பிறந்து இங்கேயே வசித்தவர்கள், ஆறு மாதத்துக்குள் பிரெஞ்சுக் குடியுரிமையை எழுத்து மூலம் தக்கவைத்துக்கொண்டால் தவிர, இந்தியர் ஆனார்கள். இங்கே பிறந்து வெளியே குடியிருந்தவர்களில் பலர் எதுவும் எழுதாமலே பிரெஞ்சுக் குடிமக்களாகத் தொடர்ந்தார்கள். யார் எந்த ஊரில் குடியிருந்தார், யார் அந்தக் கெடுவுக்குள் கையெழுத்துப் போட்டார் என்பதைப் பொறுத்து ஒரே வம்சம் இரண்டு நாடானது. அந்தக் கையெழுத்தின் பலன் மூன்றாம் தலைமுறைப் பையனின் கால்பந்துப் படிவத்தில் வந்து நிற்கிறது.

இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. தேசிய அணிக்கு இந்தியப் பாஸ்போர்ட் கட்டாயம். தந்தை வழியில் குஜராத்தியரான அராடா இஸுமி ஜப்பானியக் குடியுரிமையைத் துறந்த பிறகுதான் 2013இல் இந்தியாவுக்கு ஆடினார். அதுவரை புனே எஃப்.சி.யில் அவர் அயல்வீரர் கணக்கு. ஆஸ்திரேலியாவில் பிறந்த ரயன் வில்லியம்ஸ் 2025இல் இதே வழியில் இந்தியர் ஆனார். இலங்கை இரட்டைக் குடியுரிமையை அனுமதிப்பதால், ஜெர்மனியில் வளர்ந்த கிளாடியோ கமர்க்நெக்ட் போன்றவர்கள் அந்த நாட்டு அணிக்கு ஆட முடிகிறது. அதே நேரத்தில் வம்சாவளியின் பெயரில் நடக்கும் தவறையும் பார்க்க வேண்டும். 2025 செப்டம்பரில், பாட்டன் பாட்டியின் பிறப்பு ஆவணங்களைத் திருத்தியதாக மலேசிய அணியின் ஏழு வீரர்களுக்கு ஃபிஃபா ஓராண்டுத் தடை விதித்தது.

தேசிய அணி விவகாரம் நாடாளுமன்றம் பேச வேண்டியது. உள்ளூர் லீகுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. இங்கே படித்து, இங்கே வளர்ந்து, அரசின் கண்ணில் தடையின்றி வாழவும் வேலை செய்யவும் உரிமை பெற்ற ஒரு பையனை உப்பளம் இந்திரா காந்தி மைதானத்தில் உள்ளூர் வீரனாக இறக்க, கால்பந்து நிர்வாகத்தின் ஒரு தீர்மானம் போதும்.

செய்யக்கூடியவை

மாநில லீகுகளில் அடைத்த வாசலைக் கூட்டமைப்பு சிறிதாவது திறக்க வேண்டும் என்பது இவற்றில் பலவற்றுக்கு முன்நிபந்தனை. முதலாவது, பொறுப்பேற்கும் சங்கம். ஒவ்வொரு சின்ன கிளப்பும் தனித்தனியாக விசாக் கோப்பு சுமப்பதை விட்டு, மாநில அல்லது யூனியன் பிரதேசக் கால்பந்துச் சங்கமே அழைப்பாளராக இருக்கட்டும். ஒரே வழக்கறிஞர், ஒரே கணக்காளர், ஒரே படிவம். விசா சங்கத்தோடு பிணைந்திருந்தால், ஒரு கிளப் நொடித்தாலும் அதே லீகில் இன்னொரு கிளப்புக்கு வீரர் மாற முடியும்.

இரண்டாவது, பருவ விசா. நான்கு மாத லீகுக்கு நான்கு மாத அளவுகோல் வகுக்க வேண்டும். அடித்தள ஊதியத்தைக் குறைத்தால் சுரண்டல் பெருகும் என்ற அச்சம் நியாயமானது. அதற்கு மாற்று: முழுப் பருவ ஊதியத்தையும் திரும்பும் விமானச் செலவையும் மருத்துவக் காப்பீட்டுத் தொகையையும் ஆட்டம் தொடங்கும் முன்பே கிளப் சங்கத்திடம் கட்டிவிட வேண்டும். பணம் கையில் இல்லாத கிளப் ஆளைக் கூப்பிடவே கூடாது. சம்பள பாக்கிக்காக ஃபிஃபா வரை வழக்குப் போய்ப் புதிய வீரர்களைப் பதிவு செய்யத் தடை வாங்கிய பட்டியலில் கிழக்கு வங்காளம் போன்ற பெரிய கிளப்பே இருந்திருக்கிறது. சின்ன கிளப் அப்படி ஒரு தடையிலிருந்து எழவே முடியாது.

மூன்றாவது, மாணவர்களுக்கான அமெச்சூர் பதிவு. புதுச்சேரிப் பல்கலைக்கழகத்திலும் பிற கல்வி நிலையங்களிலும் படிக்க வரும் வெளிநாட்டு மாணவர்கள், செலவுப் படி மட்டும் பெற்று உள்ளூர் லீகில் ஆடலாம் என்று எழுத்தில் தெளிவாக அனுமதிக்க வேண்டும். மஜித் பிஷ்கரையும் சீமா ஒகோரியையும் நமக்குத் தந்த வழி, சட்டத்தோடு ஒத்துப்போகும் வடிவில் மீண்டும் திறக்கும்.

நான்காவது, இங்கேயே வளர்ந்த ஓ.சி.ஐ. வீரர்கள். குறைந்தது மூன்று ஆண்டு இங்கே பள்ளியில் படித்தவர் அல்லது இங்கே பதிவு பெற்ற கிளப்பில் பயின்றவர் என்று நிபந்தனை வைத்து, உள்ளூர் லீகில் அவர்களை உள்ளூர் வீரராகக் கணக்கிடலாம். பாட்டனின் பிறப்புச் சான்றைத் தேட வேண்டியதில்லை, பள்ளிச் சான்று போதும். மலேசியாவில் நடந்த வகை முறைகேட்டுக்கும் இடம் குறையும்.

ஐந்தாவது, செவன்ஸையும் ஊர்த் திருவிழா ஆட்டங்களையும் ஒதுக்கிவைக்காமல் பதிவுக்குள் கொண்டுவருவது. பதிவு என்றால் கெடுபிடி என்று கமிட்டிகள் அஞ்சுகின்றன. எழுதிய ஒப்பந்தம், காப்பீடு, புகார் கொடுக்க ஒரு தொலைபேசி எண் ஆகிய மூன்றோடு தொடங்கினாலே போதும்.

இவற்றோடு சேர வேண்டியது வளர்ப்புத் தொகை. ஒப்பந்தக் காலத்துக்குள் நாடு விட்டு நாடு மாறும் வீரரின் மாற்றுத்தொகையில் 5 சதவீதம், அவரைச் சிறுவயதில் வளர்த்த கிளப்புகளுக்குப் பகிரப்பட வேண்டும் என்பது ஃபிஃபா விதி. பையனின் பதிவு ஒழுங்காக இருந்தால்தான் அந்தப் பணம் வந்து சேரும். பிரான்சுக்குக் குடிபெயர்ந்து நாளை அங்கே ஆடப்போகும் ஒரு முத்தியால்பேட்டைப் பையனின் முதல் கிளப், தன் பதிவேட்டை இன்றே சரியாக வைத்திருக்க வேண்டும். குடிவரவு என்பது வருபவர் பற்றிய பேச்சு மட்டுமில்லை. நம்மிடமிருந்து போகிறவர்களும் எங்கோ ஒரு கிளப்பின் வெளிநாட்டு வீரர்கள்தான்.

நாட்டின் எல்லையைக் காக்கும் அதிகாரத்தை யாரும் கேள்வி கேட்கவில்லை. எல்லா கிளப்பும் வெளிநாட்டவரைக் கொண்டுவர வேண்டும் என்றும் சொல்லவில்லை. கேட்பது, அளவுக்கேற்ற விதி. பெருநிறுவனத்துக்கு வகுத்த படிவத்தை ஊர்ச் சங்கத்தின் கையில் திணித்துவிட்டு, நிரப்ப முடியாதபோது ‘சட்டம் மதிக்காதவர்கள்’ என்று சொல்வது நீதியாகாது. ஒரு சிறு யூனியன் பிரதேசம், இரண்டு நாடுகளின் குடிமக்களை ஒரே தெருவில் அமைதியாக வாழவைத்த ஊர், இந்த மாற்றத்தைத் தன் லீகிலேயே சோதித்துக் காட்டலாம். புதுச்சேரிக் கால்பந்துச் சங்கம் ஓ.சி.ஐ. தீர்மானத்தையும் மாணவர் பதிவையும் அடுத்த பருவத்துக்கு முன்பே கூட்டமைப்பின் முன்வைக்கட்டும். இரண்டுக்கும் பெரிய செலவில்லை, புதுச் சட்டமும் வேண்டியதில்லை. அவை நடந்தால், பருவ விசாவுக்காக டெல்லியில் வாதாட நம் கையில் ஒரு நல்ல சான்று இருக்கும்.